மூன்றாவது வட்டம்

பாளையங்கோட்டையில் வேப்பமரங்களைவிடப் பயிற்சி மையங்கள் அதிகமாகிவிட்ட காலம் அது. அதில் ஒரு மையம் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே அண்டாவையும் குடத்தையும் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். மேலே மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கே விலங்கியல் நடத்தியவர் ஹெப்சிபா மிஸ். முப்பது வயதை அப்போதுதான் தொட்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். அவரிடம் சந்தேகம் கேட்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். திட்டுவார் என்பதால் அல்ல. சந்தேகம் கேட்டால் பதில் வராது, வேலை வரும்.

அந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்விகளை யாரும் கேள்வியாகச் சொல்வதில்லை, எண்ணாகத்தான் சொல்வார்கள். "மாட்யூல் நாலு, அறுபத்திரெண்டு" என்று ஒருத்தி கேட்டால், "ஆப்ஷன் மூணு" என்று இன்னொருத்தி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொல்வாள். அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று இருவருக்குமே நினைவிருக்காது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இந்த விளையாட்டில் சங்கரேஸ்வரியை யாரும் அசைக்க முடியாது. கேள்வியின் முதல் நாலு சொல்லைப் பார்த்ததும் அவள் பேனா விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சுவரில் ஒட்டும் ரேங்க் பட்டியலில் அவள் பெயர் எப்போதும் மேலேதான். ஆனால் உண்மையான தேர்வில் இரண்டு முறை சீட் கை நழுவிவிட்டது. இரண்டு முறையும் மயிரிழையில்.

இது மூன்றாவது வருஷம். அவளுடைய அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வருஷம் தொடங்கும்போதே சொல்லிவிட்டார்: "அடுத்த வருஷம் தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருவா. அவளையும் நான் பாக்கணும்லா. இதுதான் கடைசித் தடவ, சங்கரி." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். உயர்த்தியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் ஹெப்சிபா மிஸ்ஸின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், எனக்கு எல்லா விடையும் தெரியும். ஆனா சீட்டு மட்டும் வரமாட்டேங்கு. ஏன் மிஸ்?"

மிஸ் நாலாவது மாட்யூலைப் பிரித்து ஒரு கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

"வாசி."

"ஆப்ஷன் மூணு."

"வாசின்னுதான் சொன்னேன்."

"விடை சரிதான மிஸ்?"

"சரிதான். வாசி."

சங்கரி பெருமூச்சு விட்டு வாசித்தாள். "கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள துளை, குழந்தை முதல் மூச்சு இழுத்தவுடன் என்ன ஆகிறது? ஆப்ஷன் மூணு, மூடிக்கொள்கிறது."

"இப்ப விடையில்லாம வாசி."

வாசித்தாள்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா."

வாசித்தாள்.

"நாளைக்கு வா" என்றார் மிஸ். "இன்னொரு கேள்வி தாரேன். விடை சொல்லக் கூடாது. வாசிக்க மட்டும்தான் செய்யணும்."

சங்கரிக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். மற்றவர்கள் பக்கம் பக்கமாகக் கேள்விகளை விழுங்கிக்கொண்டிருக்க, அவள் ஒரே ஒரு கேள்வியை முதல் வகுப்புப் பிள்ளைபோல வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தவளையின் தோல். ஒருநாள் சிறுநீரகம். வாய் விடையைச் சொல்லாவிட்டாலும் மனசு "ஆப்ஷன் ரெண்டு, ஆப்ஷன் ரெண்டு" என்று கத்திக்கொண்டே இருந்தது. அதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.

அந்த மாதத்து மாதிரித் தேர்வில் அவள் பெயர் முதல் இடத்திலிருந்து விழுந்தது. அடுத்ததில் இன்னும் கீழே போனது. அதற்கடுத்ததில் பட்டியலில் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நேரம் போதவில்லை. வாசிக்கக் கற்ற கண்கள் ஒவ்வொரு கேள்வியிலும் நின்றுவிட்டன. ஆனால் நின்று எதையும் பார்த்ததாகவும் தெரியவில்லை.

அவள் மிஸ்ஸிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மிஸ், நீங்க என்னக் கெடுத்துட்டிய."

மிஸ் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"நான் எவ்வளவு ஸ்பீடா இருந்தேன்! இப்ப அதுவும் போச்சு. எனக்கு இதுதான் கடைசித் தடவன்னு உங்களுக்குத் தெரியும்லா? அப்பாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மிஸ் வாசிக்கச் சொன்னிய? அதுல என்னதான் இருக்கு?"

மிஸ் எழுந்தார். அப்போது அவருக்கு ஏழாவது மாதம். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"நாளைக்குக் காலையில எனக்கு ஸ்கேன் இருக்கு. வீட்டுக்காரங்க கப்பல்ல வேலையா இருக்காங்க, வர முடியாது. துணைக்கு வாரியா?"

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. சங்கரிக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி துணைக்கு வா என்று கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வருகிறேன் என்றாள்.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. மிஸ் படுத்திருந்தார். டாக்டரம்மா வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்தார்.

"இது யாரு, தங்கச்சியா?"

"என் ஸ்டூடண்ட் டாக்டர். மெடிக்கலுக்குப் படிக்கா."

"அப்படியா? அப்ப இங்க வா. தள்ளி நிக்காத. ஸ்கிரீன நல்லாப் பாரு."

திரையில் முதலில் சாம்பல் நிறப் புகைதான் தெரிந்தது. பிறகு புகைக்குள் ஏதோ துடித்தது. டாக்டரம்மா ஒரு பொத்தானை அழுத்தியதும் அறை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அவ்வளவு வேகமான ஒரு துடிப்பைச் சங்கரி அதுவரை கேட்டதில்லை. அது ஓடியது. எங்கேயோ போய்ச் சேர வேண்டியதுபோல ஓடியது.

"இது நாலு அறை. இது மேல ரெண்டு, இது கீழ ரெண்டு. இப்ப நடுவுல பாரு. மெல்லிசா ஒரு ஜவ்வு ஆடுது, தெரியுதா?"

தெரிந்தது. நகத்தைவிடச் சின்னதாக, காற்றில் படபடக்கும் துணி மாதிரி, ஒரு ஓரம் மட்டும் திறந்து திறந்து விழுந்தது.

"அது ஒரு கதவு. நுரையீரலுக்கு இன்னும் வேல வரலலா? அதனால ரத்தம் வலது பக்கத்துலருந்து இந்தக் கதவத் தள்ளிக்கிட்டு நேரா இடது பக்கம் போவுது. பொறந்து முதல் மூச்சு இழுத்ததும் அந்தப் பக்கத்து அழுத்தம் கூடி கதவச் சாத்திரும். யாரும் போய்ச் சாத்த வேண்டாம்."

சங்கரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டரம்மா அடுத்த இடத்துக்குக் கருவியை நகர்த்தியபோது, இன்னும் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள். கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. அந்தக் கதவு தனக்குள்ளும் ஒருகாலத்தில் ஆடியிருக்கிறது, அம்மாவுக்குள் ஆடியிருக்கிறது, லோடு ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்குள் ஆடியிருக்கிறது என்பது திடீரென்று உறைத்தது. இத்தனை நாள் அதை அவள் ஒரு கறுப்பு வட்டமாக மட்டுமே அறிந்திருந்தாள்.

வெளியே வந்து இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"மிஸ், அது ஆடுது."

"ஆமா."

"நான் பாத்தேன்."

"அது என்ன நம்பர்?" என்று கேட்டார் மிஸ்.

"மாட்யூல் நாலு..." என்று சங்கரி தொடங்கினாள். எண் வரவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவளுக்கு அந்த எண் வரவில்லை.

மிஸ் சிரித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து சங்கரி வாசித்தாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே வாசித்தாள். சிறுநீரகக் கேள்வி ஒன்றைப் படித்துவிட்டு, ஒரு நாளில் இவ்வளவு ரத்தத்தையா இந்த இரண்டு பொடியன்கள் வடிகட்டுகிறார்கள் என்று வாயைப் பிளந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "அது ஆப்ஷன் ஒண்ணு, அத விடு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். பட்டியலில் சங்கரியின் பெயர் கொஞ்சம் மேலேறியது. பழைய இடத்துக்கு வரவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வாசிப்பது இனித்தது, அதுதான் பயமாகவும் இருந்தது.

மிஸ் பிரசவ விடுப்பில் போகும் நாளில் அவள் ஓடிப் போய் வழிமறித்தாள்.

"மிஸ், ஹால்ல நான் என்ன ஞாபகம் வச்சுக்கணும்?"

"வாசிக்கணும்."

"நேரம் போயிருச்சுன்னா?"

"போவும்."

"சீட்டும் போயிருமே மிஸ்!"

மிஸ் அவள் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். இதுவும் ஒரு பதிலா என்று சங்கரி நடுத்தெருவில் நின்று பொருமினாள்.

தேர்வு நாள் வந்தது. வாசலில் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள், பின்னலை அவிழ்த்து உதறச் சொன்னார்கள், செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா அவளுடைய கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். "நல்லா எழுது தாயி" என்று மட்டும் சொன்னார். கடைசித் தடவை என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

மணி அடித்ததும் பேனாக்கள் கிளம்பின. சங்கரி வாசித்தாள். வாசித்தாள், எழுதினாள், வாசித்தாள். இயற்பியலும் வேதியியலும் தாவரவியலும் போய் விலங்கியலுக்கு வந்தாள். அங்கே அது இருந்தது.

"கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள துளை..."

மூன்று வருஷப் பழக்கம் லேசுப்பட்டதா? கண் அந்த வரியின் பாதியில் இருக்கும்போதே கை விடைத்தாளுக்குப் போய்விட்டது. பேனா முனை மூன்றாவது வட்டத்தின் மேல் நின்றது. மை பட்டுவிட்டால் அழிக்க முடியாது. இன்னும் ஒரு நூல் இறங்கினால் போதும்.

ஆனால் அவளுக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. அதற்காகத்தான் அவள் வரியை முழுக்க வாசித்தாள், விடைக்காக அல்ல.

"...வழியாக ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் செல்கிறது?"

கேள்வி வேறு. முதல் மூச்சைப் பற்றி ஒன்றுமே இல்லை. மூன்றாவது விடை "இடமிருந்து வலம்" என்றது. முதல் விடை "வலமிருந்து இடம்" என்றது. இருட்டறையில் துணிபோலப் படபடத்த ஜவ்வு எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்று அவள் கண்ணால் கண்டிருந்தாள். கையை எடுத்து முதல் வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தனக்கு என்ன நடந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இப்படி எத்தனை கதவுகளைத் தட்டாமலே தாண்டிப் போயிருக்கிறோம் என்று நெஞ்சு பதறியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தேர்வறையில் யாரும் செய்யக் கூடாத காரியம் அது. வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். கம்மல் இல்லாத காதுகள். அவிழ்ந்த பின்னல்கள். மேற்பார்வையாளர் ஜன்னலோரம் நின்று கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்குள்ளும் அந்தக் கதவு ஆடியிருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சில் அது மூடியிருக்கிறது, ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. யாருமே படிக்காமல், யாருமே சொல்லித்தராமல். சங்கரியின் கண் நிறைந்துவிட்டது. கோயில் நடை திறக்கும்போதுகூட அவளுக்கு அப்படி ஆனதில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கடைசி மணி அடித்தபோது ஒரு பக்கம் கேள்விகள் மிச்சம் இருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளை வட்டங்களோடு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்பா கைக்குட்டையை அவிழ்த்துக் கம்மலைக் கொடுத்தார்.

"எல்லாம் எழுதிட்டியா தாயி?"

"இல்லப்பா. கொஞ்சம் விட்டுட்டேன்."

அவர் முகம் வாடியது. ஆனாலும் வழியில் நிறுத்தி அவளுக்கு ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். அவளால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

முடிவு வந்தது. விட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் வரவில்லை, எழுதிய கேள்விகளில் தப்பு அநேகமாக இல்லை. தப்புக்கு வெட்டும் மதிப்பெண் போன வருஷம் அவளை முழுங்கியது, இந்த வருஷம் அதற்குத் தீனி கிடைக்கவில்லை. கலந்தாய்வு நடந்து, விடிய விடியப் பஸ்ஸில் போக வேண்டிய ஓர் ஊரின் அரசு மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அப்பா லோடு ஆட்டோவுக்கு மாலை போட்டார். மையத்துக்காரர்கள் அவள் படத்தை ஆளுயர பிளெக்ஸ் அடித்துப் பாத்திரக்கடையை மறைத்துக் கட்டினார்கள். "வேகமே வெற்றி" என்று அதில் எழுதியிருந்தது.

சங்கரி ஒரு பெட்டி அல்வாவோடு மிஸ் வீட்டுக்கு ஓடினாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. பையன் பிறந்திருக்கிறான் என்று மட்டும் தெரியும். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. வட்டத்தின் மேல் நின்ற பேனாவைச் சொல்ல வேண்டும். குனிந்த தலைகளைச் சொல்ல வேண்டும்.

மிஸ் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உள்ளே கட்டிலில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று மாதக் குழந்தை. தலைமாட்டில் ஆஸ்பத்திரிக் கவர் ஒன்று கிடந்தது.

"என்ன மிஸ், உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைக்குத்தான். நேத்து திரும்பவும் எக்கோ ஸ்கேன் எடுத்தோம்."

"எதுக்கு?"

"அந்தக் கதவு இன்னும் சாத்தல."

சங்கரி அப்படியே நின்றாள். அல்வாப் பெட்டி கையில் கனத்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நெறையப் பிள்ளையளுக்கு இப்படி இருக்குமாம். தானாவே சாத்திருமாம். மாசாமாசம் பாப்போம்னாங்க."

மிஸ்ஸின் குரல் வகுப்பில் பேசுவதுபோலவே இருந்தது. ஆனால் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விரல்கள் சும்மா இல்லை. அதை முறுக்கிக்கொண்டே இருந்தன.

சங்கரி பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டாள். பையனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் தலையசைத்தார். அவள் குனிந்து அவனுடைய நெஞ்சில் மெல்லக் காதை வைத்தாள்.

கேட்டது. அதே ஓட்டம். இருட்டறையில் கேட்டதைவிடச் சன்னமாக, ஆனால் அதே அவசரம். வெதுவெதுப்பான அந்தச் சின்ன நெஞ்சு அவள் காதைத் தூக்கித் தூக்கி இறக்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்ல வந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"மூடிக்கொள்கிறதுன்னுதான மிஸ் புக்குல போட்டிருக்கு? மூணாவது ஆப்ஷன். நம்ம எல்லாரும் அதத்தான போட்டோம்? அப்புறம் ஏன் மிஸ் இவனுக்கு மட்டும் இன்னும்..."

மிஸ் அவள் உதட்டின் மேல் விரலை வைத்தார். பையன் தூக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு இழுத்து விட்டான். மிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் இப்பதான் வாசிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார். "அவசரப்படுத்தாத."